புதுப்பிப்பு: மாதிரி ரயில் கண்காட்சிக்கு அரங்கம் பிடித்தாயிற்று

நாளைக்கு என்ன ஆகும் என்றே தெரியாத நேரத்தில் மாதிரி ரயில் கண்காட்சி நடத்தலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நடத்துகிறோம். ரத்து செய்தால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கிய பிறகுதான் பணம் கட்டினோம்.

பெரிய தலைவலி, கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்கள். அதனால் பாதையை ஆளுக்கொன்றாகத் தனித்தனிப் பலகைகளில் செய்து இணைக்கிறோம். ஒருவர் வராவிட்டால் அவர் பலகையின் இடத்தில் நேர்த் தண்டவாளம் மட்டும் உள்ள ஒரு பலகை. நேற்று ஒத்திகை. 1:87 அளவில், அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவில், தண்டவாள இடைவெளியே 16.5 மி.மீ.தான். இணைப்பில் ஒரு முனை துளி தூக்கி நின்றது; இன்ஜின் தாண்டிவிட்டது, மூன்றாவது பெட்டி கவிழ்ந்தது. அடியில் அட்டைத் துண்டு செருகியதும் சரி. (அன்றைக்கு அட்டையை மறக்கப்போவது நான்தான்.)

டிக்கெட் விற்பனை, ரத்துக் கெடு தாண்டிய பிறகுதான்.