அதிகாரத்தைக் கேலி செய்யும் சிற்பம் உண்டா?

கயல்:
பத்திரிகைக் கேலிச்சித்திரம் புரிகிறது. அச்சாகி ஊரெல்லாம் போகும். சிலை அப்படியா? குதிரைமேல் தளபதி, நாற்காலியில் தலைவர் என்று எப்போதும் அதிகாரத்தின் பக்கமே நிற்கிறது. எதிர்ப்பக்கம் நிற்கும் நல்ல சிற்பம் ஏதும் தெரிந்தால் சொல்லுங்களேன்.

செம்மண்:
பிரான்ஸின் ஒனோரே தோமியேயைத் தேடிப் பாருங்கள். மன்னர் லூயி பிலிப்பை, மக்கள் பணத்தை விழுங்கும் பெருவயிற்று அரக்கனாக வரைந்து 1832இல் சிறைக்குப் போனவர். அதே காலத்தில், பத்திரிகை நடத்திய ஷார்ல் ஃபிலிபோன் கேட்டதால் நாடாளுமன்றப் பெருந்தலைகளைக் களிமண்ணில் பிடித்தார். 36 தலைகள் மிஞ்சி, பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எல்லாம் சாண் உயரத்துக்குள். சுடாத மண், மேலே வண்ணம். நானும் மண்ணில் வேலை செய்பவன். சுடாத மண் இத்தனை காலம் நொறுங்காமல் இருப்பதே பெரிய விஷயம்.

வாசகன்:
அவை அச்சுப் படங்களுக்கான மாதிரிகள்தானே? தனிச் சிற்பமாகக் கணக்கில் வருமா?

செம்மண்:
மாதிரியாகவும் பயன்பட்டன, சரி. அப்படியானால் அவருடைய 'ரத்தாபுவா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது பிரான்ஸின் அதிபராக இருந்த லூயி நெப்போலியனுக்கு ஆள்சேர்க்கும் அடியாள். கசங்கிய தொப்பி, தொளதொள கோட்டு, ஊன்றிய தடி. ஓர்சேயில் அதைச் சுற்றிவந்து பார்த்தேன். முன்னால் நின்றால் மார்பை நிமிர்த்திய பழைய சிப்பாய். பக்கவாட்டில் வந்தால் முதுகு வில்லாக வளைந்து, கோட்டுக்குள் உடம்பே இல்லை! அந்த மிடுக்கு முழுக்கத் துணிதான். காகிதம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். இந்த வேலை சிற்பத்தால் மட்டுமே முடியும். அதை அவர் வடித்த காலத்தில்தான், 1851 டிசம்பர் 2 அன்று, லூயி நெப்போலியன் படைபலத்தால் முழு அதிகாரத்தையும் கைப்பற்றினார். காவல்துறைக்கு அஞ்சி தோமியேயின் மனைவி சிலையை ஒளித்துவைத்தார் என்பார்கள். வெண்கலத்தில் வார்த்ததே 1879இல் தோமியே இறந்த பிறகுதான்.

நிலா:
இருக்கிற சிலையையே அதிகாரத்துக்கு எதிராகத் திருப்பிவிட்டதும் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகில், போர் நினைவுச்சின்னமாகப் பீடத்தின்மேல் நின்ற சோவியத் டாங்கிக்கு 1991இல் தாவித் செர்னி என்ற மாணவர் இளஞ்சிவப்பு வண்ணம் பூசி, உச்சியில் ஒரு விரலையும் நட்டுவைத்தார். கைதும் ஆனார். ராணுவம் பச்சை பூசியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் தங்கள் சட்டப் பாதுகாப்பை நம்பி, தாங்களே போய் மறுபடி இளஞ்சிவப்பாக்கினார்கள்.

கயல்:
அட! அந்த டாங்கி இப்போது எங்கே?

நிலா:
பிராகுக்கு வெளியே, லெஷானி ராணுவ அருங்காட்சியகத்தில். இளஞ்சிவப்பாகவே.