கண்ணில் மின்னும் வளைவு: பக்கவாதமா? உடனே சொல்லுங்கள்

கரைவெளி: கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் எண்கள் காணாமல் போயின. பிறகு ரம்பப் பல் போன்ற ஒளிவளைவு மின்னிக்கொண்டே பெரிதானது. இப்போது இல்லை. பக்கவாதமா?

தென்னங்கீற்று: எந்தக் கண்? எவ்வளவு நேரம்? வயது? சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டா?

நாற்பதடிச்சாலை: கைப்பேசிதான் காரணம். இருட்டில் பார்ப்பதை நிறுத்துங்கள்.

பழையவாசகர்: மாதந்தோறும் வரும் கேள்வி. பழைய இழைகளைத் தேட மட்டும் யாருக்கும் கண் தெரிவதில்லை. நடுவில் தொடங்கி ஓரத்துக்கு விரியும். கண்ணை மூடினாலும் தெரியும். 20, 30 நிமிடத்தில் மறையும். மைக்ரேனின் முன்னறிகுறி. தலைவலி வராமலும் போகலாம். கோளாறு கண்ணில் இல்லை. மூளையின் பின்புறத்துப் பார்வைப் பகுதியில் ஒரு மின் அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஊர்கிறது. ஹியூபர்ட் ஏரி என்ற மருத்துவர் தனக்கு வந்ததை 1870-லேயே வரைந்து வெளியிட்டுவிட்டார்.

கரைவெளி: நிம்மதி ஐயா. 20 நிமிடம் இருக்கும். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தேன், இரண்டிலும் தெரிந்தது. வயது 46, சர்க்கரை இல்லை. வலது கண்ணில் மட்டும் நேற்றிலிருந்து கரும்புள்ளிகள் மிதக்கின்றன, விளக்கை அணைத்தால் ஓரத்தில் பளிச்சென்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டும்போல, அதை விடுங்கள்.

தென்னங்கீற்று: எதை விடுவது? பவர் என்ன?

கரைவெளி: மைனஸ் 8.

வேப்பநிழல்: நந்தியாவட்டைப் பூவைப் பனியோடு பறித்துக் கண்ணில் ஒற்றுங்கள் தம்பி. என் பாட்டி கடைசிவரை தானே ஊசியில் நூல் கோத்தார்.

தென்னங்கீற்று: அம்மா, செடி கொடி கண்ணில் பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தவர்கள் உண்டு.

வேப்பநிழல்: பூவால் யாருக்குக் கண் போனது? ஒருவரைக் காட்டுங்கள்.

நாற்பதடிச்சாலை: பூவை விடுங்கள், கைப்பேசியைப் பற்றி யாரும் பேசவில்லையே.

சொட்டுமருந்து: கண் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்க்கும்போது தெரியும் ஓரிரு நூல், பல வருடமாக அப்படியே இருந்தால், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. திடீரென்று புள்ளிகள் கொட்டுவதும் ஒரே கண்ணில் மின்னுவதும் வேறு கதை. கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. மைனஸ் 8 போலக் கிட்டப்பார்வை அதிகம் என்றால் விழித்திரை மெலிந்திருக்கும், கிழியலாம். கரைவெளி, இன்றே போங்கள். ஓரத்தில் நிழல் திரையாக இறங்கினால் நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு கண் சில நிமிடம் இருண்டு திரும்பினாலும் அப்படித்தான். பக்கவாதத்துக்குப் பயப்பட வேண்டியது அதற்குத்தான். சொட்டு விட்டுப் பாவையை விரித்துப் பார்ப்பார்கள், சில மணி நேரம் எழுத்து மங்கும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பழையவாசகர்: நான் சொன்னது முதல் கேள்விக்கு. பாதியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டால் நான் என்ன சோதிடரா?

கரைவெளி: வலது விழித்திரையில் கிழிசல். லேசர் போட்டுவிட்டார்கள். கண் கூசுகிறது, பிறகு எழுதுகிறேன். நன்றி.

வேப்பநிழல்: நல்லபடியாகட்டும் தம்பி. தென்னங்கீற்று, ஒருவரைக் காட்டுங்கள் என்றேனே?