‘ஏட்டி’ன்னு கூப்பிட ஆள் இல்லாத ஊர்: சேலத்தில் எம்.எஸ்சி. படிக்க வந்த கதை

தூத்துக்குடியில சாயங்காலம் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினா, நடுராத்திரிக்கு மேல சேலம் ஜங்ஷன்ல இறக்கிவிடும். ஜியாலஜி, அதாவது பாறை, மண்ணைப் பத்தின படிப்பு, சேர வந்த அன்னைக்கு நானும் அப்பாவும் விடியற வரைக்கும் வெயிட்டிங் ஹால்லயே உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் வந்ததும் வெளிய வந்து பார்த்தா, வடக்கே சேர்வராயன் மலை மதிலு மாதிரி நிக்குது. கடற்கரைல வளர்ந்தவளுக்குப் பார்வை எங்கயும் முட்டிப் பழக்கமில்ல. இங்க எந்தத் தெருவுல திரும்பினாலும் ஒரு மலை: நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை. முதல் மாசம் மூச்சே முட்டுச்சு.

ரூம் விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். முதல் வீட்டுல மீன் வறுக்கக் கூடாதுன்னாங்க. சரின்னேன். கருவாட்டு டப்பாவைத் திறக்கக்கூட கூடாதுன்னாங்க. காலி பண்ணும்போது பெயிண்ட் செலவுன்னு அட்வான்ஸ்ல பாதியைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

உண்மையில என்னைப் படுத்தினது பேச்சுதான். எங்க ஊர்ல பிரியமானவங்களைத்தான் ஏட்டி, ஏலன்னு கூப்பிடுவோம்; திட்டறதே பாசம். இங்க எல்லாத்துக்கும் ‘ங்க’. ஆத்தூர்க்காரி ரூம்மேட் ஒருநாள் என்கிட்ட சண்டைக்கு வந்தா. "உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா?" திட்டு வாங்குறோமா மரியாதை வாங்குறோமான்னே புரியல. இந்த ஊர்ல எல்லாரும் நம்மள ஒரு கை தள்ளியே வெச்சிருக்காங்கன்னு நானா முடிவு பண்ணி, ராத்திரி போர்வைக்குள்ள அழுதிருக்கேன்.

அதை உடைச்சது ஒரு தட்டுவடை செட்டு வண்டி. தெரியாதவங்களுக்கு: ரெண்டு மொறுமொறு தட்டுவடை, நடுவுல துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. வாயை முழுசாத் திறந்தாத்தான் உள்ள போகும், நாசூக்குப் பார்த்தா சட்டையில விழும். வண்டிக்கார அம்மா முதல் நாளே கேட்டாங்க: "காரம் தூக்கலா போடட்டுங்களா, கண்ணு?" ஒரே வாக்கியத்துல ‘ங்களா’வும் ‘கண்ணு’வும். அந்தக் ‘ங்க’ தள்ளி வைக்கிற ‘ங்க’ இல்லன்னு அன்னைக்குத்தான் லேசா உறைச்சுது.

அடுத்தது ஃபீல்டு. சேலத்துல இருந்து கருப்பூர் பக்கம் போறப்ப வெள்ளை வெளேர்னு கரடுங்க தெரியும் இல்லையா, அங்க கூட்டிட்டுப் போனாங்க. நான் ரொம்பத் தெளிவா நோட்டுல ‘சுண்ணாம்புக்கல்’னு எழுதிட்டேன். சீனியர் அக்கா அதைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. நீர்த்த ஆசிட் பாட்டிலை எடுத்து கல்லு மேல ஒரு சொட்டு விட்டாங்க. சுண்ணாம்புக்கல்லா இருந்தா சுர்ருனு நுரைச்சிருக்கும். இது அசையவே இல்ல. மேக்னசைட், மெக்னீசியம் இருக்கற வெள்ளைக் கல்லு. அந்த வெள்ளையைப் பார்த்து வெள்ளைக்காரனும் இதுக்கு ‘சாக் ஹில்ஸ்’, அதாவது சுண்ணாம்பு மலைன்னுதான் பேரு வெச்சிருக்கான், அதனால எனக்குக் கொஞ்சம் ஆறுதல். டியூனைட்னு ஒரு பாறை, அதுல மெக்னீசியம் ஏராளம். கரியமில வாயு கலந்த தண்ணி வெடிப்பு வழியா இறங்கி அந்தப் பாறையை மாத்த மாத்த, வெள்ளை நரம்பு மாதிரி இது படியுது.

திரும்பும்போது டீக்கடையில ஒரு பெரியவர், மைன்ஸ்ல வேலை பார்த்தவராம், என் சுத்தியலைப் பார்த்துட்டுக் கேட்டார்: "கல்லுக்காங்க படிக்கிறீங்க?" ஆமாங்கன்னேன். "அது வெள்ளக்கல்லுங்க கண்ணு. இரும்பு உருக்குற உலைக்கு உள்பக்கம் செங்கல் வைப்பாங்களே, அதுக்குப் போவுது. எம்புட்டுச் சூட்டையும் தாங்கும்." புத்தகத்துல ரெண்டு பக்கம் இருந்ததை ஒரு டீ ஆறறதுக்குள்ள சொல்லி முடிச்சுட்டார். டீக்குக் காசும் அவரே குடுத்துட்டார், எவ்வளவோ மறுத்தேன்.

அப்புறம் ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவு. சார்னோகைட் பாறை பார்க்கப் போனோம். கல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் கல்லறைக் கல்லு இந்த வகைதானாம், அவர் பேரையே பாறைக்கு வெச்சுட்டாங்க. சாமி சத்தியமா அன்னைக்குப் பாறையை நான் சரியாப் பார்க்கல. பதினாலாவது வளைவுல இருந்தே என் தலை ஜன்னலுக்கு வெளியதான் இருந்துச்சு. எலுமிச்சம்பழத்தைக் கையில திணிச்சு முதுகைத் தடவிட்டிருந்தது யாருன்னு நினைக்கறீங்க? "அறிவிருக்குதுங்களா"தான்.

போன வாரம் அம்மா போன். சாப்பிட்டியா, எண்ணெய் தேச்சியான்னு வழக்கமான கேள்வி. நான் எங்கயோ நினைப்புல "சரிங்க, வெச்சிடட்டுங்களா"ன்னுட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் வந்துச்சு: "ஏட்டி, யாருகிட்ட பேசுத?"

*

(இதைப் படிச்சுட்டு ஒருத்தர் எழுதினது) நானும் கடலோரம்தாங்க, நாகப்பட்டினம். ஏற்காட்டுல காபி எஸ்டேட் பக்கம் தங்கி ஆராய்ச்சி பண்றேன். மலை எனக்குப் பழகிடுச்சு, மூடுபனிதான் இன்னும் பழகல. மழை மாசத்துல துவைச்ச சட்டை நாலு நாளானாலும் காயாது; பூஞ்சை பிடிச்ச சட்டையோடவே கைடைப் பார்க்கப் போயிருக்கேன். மீனுக்கு ஒரு வழி சொல்றேன்: ஞாயித்துக்கிழமை மேட்டூருக்குப் பஸ் ஏறிடுங்க. டேம் பக்கத்துக் கடைகள்ல கண்ணு முன்னாடியே வறுத்துத் தருவாங்க.

*

(அவருக்கு என் பதில்) மேட்டூர் போயிட்டு வந்தேன் அண்ணா. வறுவல் மசாலாவைக் குறையே சொல்ல மாட்டேன். ஆனா அம்மாகிட்ட இன்னும் சொல்லல. டேம் மீனைத் தின்னேன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டாங்க.