‘ஆப்டர்மார்க்கெட் ட்ரிகர்’: தமிழில் என்ன சொல்? வெள்ளிக்கு முன் வேண்டும்

உப்புவெளியிலிருந்து, திங்கள் காலை

எல்லோருக்கும் வணக்கம்.

இலக்குச் சுடுதல் பழகுவோருக்கான கைநூலின் ஏழாம் இயல் வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போகவேண்டும். றைபிளோடு வரும் ட்ரிகரைக் கழற்றிவிட்டு, டிம்னி, ட்ரிகர்டெக், கைசலி போன்ற வேறு நிறுவனங்கள் செய்து விற்பவற்றில் ஒன்றை எப்படித் தெரிவுசெய்வது என்பதே இயலின் பொருள். ‘ஆப்டர்மார்க்கெட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பின்சந்தை’ என்று வருகிறது. அது ஒருவருக்கும் விளங்காது. இப்போதைக்கு ‘மாற்று விசை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கூடவே வேறு சில சொற்களும் வேண்டும். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி விடுபடுமுன் ட்ரிகர் உரசி உரசி நகர்வதற்கு ‘ஊர்வு’ என்று போட்டேன். விடுபட்ட பிறகும் அது பின்னே போவதற்கு ‘மிகையோட்டம்’. விடுபடும் கணத்துக்கு ‘விடுபாடு’. ட்ரிகரை இழுக்க வேண்டிய பாரத்துக்கு ‘இழுப்பு நிறை’. உள்ளே ஊசியைத் தடுத்து வைத்திருக்கும் பல்லுக்கு ஒன்றும் அகப்படவில்லை. உதவுங்கள்.

உவர்மலையிலிருந்து

ரீச்சர், ‘விசை’ வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விசை என்றால் நியூற்றனில் அளப்பது. உங்கள் வரைவின் இரண்டாம் பக்கத்திலேயே ‘விசையின் விசை 1500 கிராமுக்குக் குறையக்கூடாது’ என்று ஒரு வாக்கியம் நிற்கிறது. முதல் விசை உறுப்பு, அடுத்தது அளவு. ‘மாற்று விசை’ என்றால் பிள்ளை எதிர்ப்பக்கம் தாக்கும் இன்னொரு விசையைத் தேடும்.

‘இழுப்பு நிறை’ எங்கள் பாடத்திட்டப்படி சரி. ஆனால் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் நிறை என்பது நாம் திணிவு என்று சொல்வது. நமது நிறைக்கு அவர்கள் எடை என்பார்கள். கைநூல் அங்கும் போகுமென்றால் ‘இழுப்புச் சுமை’ என்று மாற்றுங்கள், இரு கரையிலும் விளங்கும். அலகைக் கிராமிலேயே விடலாம், துறை வழக்கு அது. 1500 கிராம் படிக்கல்லைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 14.7 நியூற்றன்.

நிலாவெளியிலிருந்து

சேர் சொல்வது சரி. ஆனால் சொல்லைவிட இயலின் ஒழுங்கு அவசரம். தெரிவு போட்டி விதியிலிருந்து தொடங்கவேண்டும். 300 மீற்றர் ஸ்டாண்டர்ட் றைபிளுக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 1500 கிராம். 10 மீற்றர் காற்று றைபிளுக்கு அப்படி எல்லை இல்லை. அமெரிக்காவின் படைச்சேவை (சர்வீஸ்) றைபிள் போட்டிக்கு 4.5 இறாத்தல், அதாவது 2 கிலோவுக்குச் சற்று மேல். விதியைப் பாராமல் 8 அவுன்ஸ் வரை இறங்கும் ஒன்றை வாங்கி வந்தால் பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்தது ஒரு கட்டமா, இரு கட்டமா. இரு கட்டத்தில் முதல் பாதி இலேசாக வரும்; பிறகு ஒரு சுவர் தட்டும்; விரல் அங்கே நின்று, குறி தெளிந்ததும் மிச்சத்தை இழுக்கும். கைசலியின் எஸ்எஸ்ஏ என்னும் இருகட்ட ட்ரிகரில் மொத்தம் 4.5 இறாத்தல், 2.5 முதற் கட்டத்தில் போய்விடும், சுவரில் விரல் உணர்வது 2 மட்டும். விதியும் காக்கப்படும், விரலும் தளராது. நின்று சுடுவோருக்கு இது நல்லது. மேசையில் தாங்கி வைத்துச் சுடுவோர் ஒரு கட்டத்தையே விரும்புவர். பொழுதுபோக்காகச் சுடும் புதியவருக்கு 2 முதல் 3 இறாத்தல், ஏறத்தாழ 900 முதல் 1350 கிராம். அதற்குக் கீழே இறங்கினால் குறி வருமுன்னரே வெடித்துவிடும்.

சொல்லைக் கேட்டால், ‘ட்ரிகர்’ என்றே விடுங்கள். சுடுதளத்தில் கட்டளை ஒரு நொடியில் காதில் ஏறவேண்டும். ஓர்ஸ் ஹில்லை உவர்மலை ஆக்கியது எந்தக் குழுவும் அல்ல, வாய்தான்.

தம்பலகாமத்திலிருந்து

தம்பி, உவர்மலை உமக்கு எதிராகவே சாட்சி சொல்லும். ‘ஓர்ஸ்’ வந்த உருவில் நிற்கவில்லை. தமிழ்க் காது அதை உவர் ஆக்கிற்று. தொல்காப்பிய எச்சவியலில் ‘வடவெழுத்து ஒரீஇ’ என்றது வடசொல்லுக்கு. நெறி எல்லா அயற்சொல்லுக்கும் பொருந்தும். டகர மெய்யை மொழிக்கு முதலில் வைத்து அதன்மேல் ரகரத்தை ஏற்றுவது எந்த இலக்கணம்? துருக்கியரின் துஃபெக் நம்மிடம் துப்பாக்கி என்றும் துவக்கு என்றும் உருமாறி வந்ததைப் பாரும்.

அதற்கும் தேவையில்லை. நமக்குப் ‘பொறி’ இருக்கிறது. புறநானூறு 19இல் புலி வேட்டுவன் பொறி அறிந்து மாட்டிய பெருங்கல் அடார் வருகிறது. பெரிய கல்லைச் சிறு தாங்கி ஒன்று பிடித்து நிற்கும். புலி தொட்டால் தாங்கி நழுவும், கல் விழும். சிற்றசைவால் பெருஞ்சுமையை விடுவித்தல், உங்கள் ட்ரிகர் செய்வதும் இதுவேதான். சிலம்பின் அடைக்கலக் காதையில் மதுரை மதிற் கருவிகளுள் வளைவிற் பொறி உண்டு: தானே எய்யும் வில். பொறு என்னும் வேரிலிருந்து பொறை, பொறி. சுமையைப் பொறுத்து நிற்பது பொறி என்பது என் துணிபு. பள்ளிப் புத்தகம் ஸ்பிரிங்கை ‘வில்’ என்கிறது. வில்லும் பொறியும் சேர்ந்த கருவிக்கு வேறு என்ன பெயர் வேண்டும்? ‘மாற்றுப் பொறி’ என்று எழுதுங்கள். இரசாயனக் கலைச்சொற் குழுவுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் இந்துக் கல்லூரியை நடத்திய திருகோணமலையிலிருந்து ‘ட்ரிகர்’ என்று அச்சேறவேண்டாம்.

உவர்மலையிலிருந்து

மாஸ்டர், வெடிமருந்து உள்ள கருவியில் ‘பொறி’ என்று எழுதினால் முதலில் தீப்பொறிதான் நினைவுக்கு வரும். ‘பொறி விடுபடும்’ என்ற வாக்கியத்தைப் பிள்ளை எப்படி வாசிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து

இன்னும் ஒருவரும் கேட்கவில்லை, கேட்குமுன் சொல்கிறேன்: ‘குதிரை’ வேண்டாம். பழைய துவக்கில் மேலே நிமிர்ந்து நின்று விழுந்து தட்டுவதுதான் குதிரை. ட்ரிகர் வேறு. போல்ட்டைக் கையால் தள்ளி மூடும் றைபிளில் வெளியே தெரியும் குதிரையே இல்லை.

ரீச்சர் கேட்ட பல்லுக்குக் ‘கொழுக்கி’ போடுங்கள். நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல், வேலையும் அதுதான். கொழுக்கியின் விளிம்பு எவ்வளவு ஆழமாகப் பிடிக்கிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆழம் கூடினால் ஊர்வு கூடும். குறைந்தால் துவக்கு கீழே தட்டுப்பட்டாலே நழுவும். ஊர்வை முற்றாக ஒழிக்கிறேன் என்று இந்த ஆழத்தை மாற்றும் திருகாணியைத் திருப்புகிறவர்கள் இந்த எல்லைக்குத்தான் போகிறார்கள். தொழிற்சாலை பூசி மூடிய திருகாணியைத் தொடவேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். ட்ரிகர்டெக்கில் கொழுக்கிக்கும் ட்ரிகருக்கும் நடுவே ஓர் உருளை சுழல்கிறது. உரசலுக்குப் பதில் உருளல். அதனால் ஆழத்தைக் குறைக்காமலே ஊர்வு தெரியாது.

மறுபக்கத் திருகாணி விடுபாட்டுக்குப் பிந்திய நகர்வைத் தடுப்பது. அதை அளவுக்கு மீறி உள்ளே விட்டால் கொழுக்கி முழுதாக விலகாமல் உரசும், சிலவேளை ஊசி விழவே விழாது. திருகாணி தளராதிருக்க இடும் ஒட்டுப்பசையிலும் கவனம் வேண்டும். 2014இல் ரெமிங்டன் துவக்கு நிறுவனம் தன் எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர்களை மீளப்பெற்றது பூட்டும்போது ஒட்டுப்பொருள் கூடிப்போனதால்தான். திருகாணிப் புரியில் ஒரு பொட்டுப் போதும், கொழுக்கிப் பக்கம் கசியக்கூடாது.

பூட்டிய பிறகு, தோட்டா அறை வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு மூன்று சோதனை. போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள், ஊசி விழக்கூடாது. காப்புப்பூட்டைப் போட்டு ட்ரிகரை இழுத்து விடுங்கள், பின் பூட்டை எடுங்கள், அப்போதும் விழக்கூடாது. ரப்பர் சுத்தியலால் பிடியையும் பக்கங்களையும் தட்டுங்கள், விழக்கூடாது. ஒன்றில் தவறினாலும் குண்டு ஏற்றக்கூடாது. இழுப்புச் சுமையைக் குழாயை நிமிர்த்தி, ஐந்து தடவை அளந்து சராசரி எடுங்கள். கடற்கரை ஆட்களுக்கு ஒன்று: உள்ளே எண்ணெய் விடவேண்டாம். உப்பும் மணலும் அதில் ஒட்டிப் பிசினாகி, கொழுக்கி திரும்பி வராமல் நிற்கும். கழுவி உலர்த்தி, நிறுவனம் சொன்னால் மட்டும் உலர் கிரபைட்.

மூதூரிலிருந்து

அரச ஆவணத்தில் துவக்குக்கு ஏற்கெனவே ‘சுடுகலன்’ இருக்கிறது. அதே வழியில் ‘சுடுவிசை’ என்றால் என்ன? வினைத்தொகை, சுட்ட, சுடுகின்ற, சுடும் விசை. சேரின் நியூற்றனோடு மோதாது. கைநூலில் இலங்கையின் சுடுகலன் சட்டமான 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தையும் ஒரு வரி சொல்லுங்கள். உறுப்பை மாற்றுமுன் அனுமதிப்பத்திரம் தந்த அதிகாரியிடம் கேட்டுக்கொள்வது வாசகருக்குப் பாதுகாப்பு.

உப்புவெளியிலிருந்து, வியாழன் இரவு

மூதூர், உவர்மலை, கிண்ணியா மூன்று பேரும் ‘சுடுவிசை’க்குச் சம்மதம். அதனால் ‘மாற்றுச் சுடுவிசை’ என்று எழுதுகிறேன். இயலின் முதல் வரியில் மட்டும் ‘ட்ரிகர் என வழங்கும் சுடுவிசை’ என்று வரும். இழுப்புச் சுமை, ஊர்வு, விடுபாடு, கொழுக்கி, இருகட்டச் சுடுவிசை எல்லாம் அப்படியே. கிண்ணியா நானாவின் மூன்று சோதனைகள் தனிப் பெட்டிக்குள் போகின்றன.

நிலாவெளியிலிருந்து

அச்சில் அப்படியே போகட்டும் ரீச்சர். சுடுதளத்தில் நான் ட்ரிகர் என்றுதான் சொல்வேன்.

தம்பலகாமத்திலிருந்து

வினைத்தொகை என்று மூதூர்த் தம்பி சொன்னதை ஏற்கமாட்டேன். சுடுவது குண்டு, விசையல்ல. சுடுதற்கு உரிய விசை என்று நான்காம் வேற்றுமையாக விரித்தால்தான் ஓரளவு நிற்கும். பொருள் அகரவரிசையில் ‘பொறி: சுடுவிசை காண்க’ என்று ஒரு வரியாவது சேர்க்குமாறு கேட்கிறேன்.

உவர்மலையிலிருந்து

ரீச்சர், அச்சகத்துக்குப் போகுமுன் ஒன்று. நம் பாடநூலில் ஓட்டம் என்றால் மின்னோட்டம். ‘மிகையோட்டம்’ என்பதைப் பிள்ளைகள் மின்சுற்றில் வைத்துத்தான் படிப்பார்கள். ‘பின்னசைவு’ ஆகுமா? கிண்ணியா நானா என்ன சொல்கிறார்?

கிண்ணியாவிலிருந்து

பின்னசைவு என்றால் துவக்கு தோளில் உதைப்பதைச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள் சேர். காலையில் யோசித்து எழுதுகிறேன்.