புதுப்பிப்பு: ஹெட்லெஸ் பேஸுக்குக் கம்பி மாட்டியாச்சு

என் ஹெட்லெஸ் பேஸுக்கு (கழுத்து நுனியில் தலைப்பகுதி இல்லாத பேஸ் கிட்டாருக்கு) இரு முனையிலும் குண்டு உள்ள டபுள்-பால் கம்பிதான் வேண்டுமா, ஒரு முனையில் மட்டும் குண்டு உள்ள சாதாரணக் கம்பி போதுமா என்று கேட்டிருந்தேன். சாதாரணக் கம்பியே போட்டேன். சுருதி அருமையாக நிற்கிறது.

ஹெட்லெஸ் பேஸைப் பிரபலமாக்கிய வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கரின் ஆரம்ப பேஸ்கள் டபுள்-பாலுக்கென்றே அமைந்தவை. மாட்டுவது சுலபம், ஆனால் கம்பியின் நீளம் துல்லியமாக இருக்க வேண்டும், கடைகளில் வகையும் குறைவு. என்னுடையதில் நட்டுக்கு (கழுத்து நுனியில் கம்பிகளைத் தாங்கும் துண்டுக்கு) பின்னால், குண்டில்லாத முனையை இறுக்கிப் பிடிக்கும் திருகு வைத்த கிளாம்ப் இருப்பதால், 34 அங்குல ஸ்கேலுக்கு (கம்பி அதிரும் நீளத்துக்கு) 45–105 தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு) உள்ள நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) செட் எடுத்தேன்.

மாட்டும்போது வரிசைதான் முக்கியம். முதலில் பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பி மாட்டும் பாகம்) பக்கத்து ட்யூனர் குமிழை, அதாவது சுருதி கூட்டும் குமிழை, நன்றாகத் தளர்த்துங்கள். இல்லையென்றால் சுருதிக்கு வருமுன்பே குமிழ் முட்டிவிடும். குண்டைப் பிரிட்ஜில் உட்கார வைத்து, மறுமுனையைக் கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி ஆலன் கீயால் திருகை இறுக்குங்கள். அப்புறம் கிளாம்புக்கு வெளியே நீளும் கம்பியைச் செங்குத்தாக மடக்கி, மடிப்பைத் தாண்டி வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் கம்பியின் மேல் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி நடுவிலுள்ள உள்கம்பியை விட்டு நழுவி ஓசை செத்துவிடும். உள்கம்பி அறுகோணமாக இல்லாமல் உருண்டையாக இருக்கும் செட்டுக்கு இது கட்டாயம்.

ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பவர்கள், 130 தடிமன் உள்ள பி கம்பி (மிகக் கீழ்ச் சுருதிக் கம்பி) கிளாம்ப் துளையில் நுழையுமா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.