மைக்ராஸ்கோப்பில் 40 எக்ஸில் எல்லாம் பால் ஊற்றியதுபோல் தெரிகிறது, 100-இல் ஒன்றுமே இல்லை. உதவி வேண்டும்

தன்லின் டீச்சர்:
வணக்கம். யாங்கோனிலிருந்து பாலம் தாண்டி, தன்லினில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். போன வருஷம் பழைய மைக்ராஸ்கோப் ஒன்று கைக்கு வந்தது. கீழே இருக்கும் கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்கிற ரகம். கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது என்றுதான் வாங்கினேன். லென்ஸ் நான்கு: 4, 10, 40, 100 மடங்கு.

வெங்காயத் தோலில் அயோடின் விட்டு 10-இல் பார்த்தால் செங்கல் அடுக்கியதுபோல் பளிச்சென்று இருக்கிறது. போன வாரம்வரை 40-உம் நன்றாக இருந்தது, ஒவ்வொரு செல்லிலும் உட்கரு பழுப்புப் பொட்டாகத் தெரியும். இப்போது 40-க்குத் திருப்பினால் ஒரே பனிமூட்டம். பெட்டியோடு வந்த தயார் ஸ்லைடை வைத்தாலும் அதே கதி. 100-இல் ஃபோகஸே கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு எந்த லென்ஸில் பார்த்தாலும் நடுவில் நாலைந்து புள்ளிகள்.

என் மகன் பத்தாம் வகுப்பு. புத்தகத்தில் இருக்கிற, செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமைக் காட்டு என்று நச்சரிக்கிறான். 100 சரியானால் தெரியுமா?

மௌலமைன் கேமராக்காரர்:
அக்கா, பூஞ்சைதான். நம்ம ஊர் மழையில் கேமரா லென்ஸே தப்பாது. 40-ஐக் கழற்றி, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் அதுதான். உள்ளே போயிருந்தால் நீங்களாகத் திறக்காதீர்கள்.

பழைய லேப் ஆள்:
பூஞ்சை ஒரே வாரத்தில் இப்படி மூடாது தம்பி. போன வாரம்வரை நன்றாக இருந்தது என்கிறார் டீச்சர், அந்த வாரம் நடந்தது என்ன என்றுதான் கேட்க வேண்டும். தயார் ஸ்லைடிலும் மங்கல் என்றால் குறை வெங்காயத்தில் இல்லை, லென்ஸில்.

டீச்சர், 100 எக்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே என்ன எண்ணெய் விட்டீர்கள்? மேலே மூடியது என்ன? அப்புறம், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸை விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள், புள்ளிகளும் கூடவே சுற்றுகின்றனவா?

தன்லின் டீச்சர்:
சுற்றுகின்றன! கழற்றிப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. தனாக்கா, இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டை விழுது. பிள்ளைகள் கன்னம் நிறையப் பூசிக்கொண்டு வந்து கண்ணை ஒட்டி வைக்கிறார்கள், காய்ந்த பொடி உதிர்ந்து கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிறது.

எண்ணெய் கேட்டீர்களே, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய். மேலே மூடும் மெல்லிய கண்ணாடி, அதான் கவர் ஸ்லிப், எல்லாம் உடைந்துபோனதால் இன்னொரு ஸ்லைடையே மேலே கவிழ்த்து, அதன்மேல் ஒரு சொட்டு விட்டேன். 100-இல் ஒன்றும் கிடைக்காமல் திரும்பவும் 40-க்குத் திருப்பினேன்.

பழைய லேப் ஆள்:
அந்தத் திருப்பலில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. 10 எக்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே பல மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், அது எண்ணெயைத் தொடவே தொடாது. 40-க்கு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். எண்ணெய் இருக்கும்போது திருப்பினால் மூக்கை அதில் தோய்த்துக்கொண்டுதான் வரும். அதுவும் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இந்தத் தை மாதக் காலையில் சமையலறைப் பாட்டிலைப் பாருங்கள், அதே வெள்ளைதான் உங்கள் லென்ஸிலும்.

40-ஐக் கழற்றி, ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்து அதைப் பூதக்கண்ணாடியாக வைத்து நுனியைப் பாருங்கள். முதலில் தூசியை ஊதும் ரப்பர் பல்பால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். மருந்துக்கடை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து வெளியே சுற்றி ஒருமுறை. புதுக் குச்சி, மறுபடி ஒருமுறை. லென்ஸை முக்க வேண்டாம், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், உள்ளே வில்லைகளை ஒட்டியிருக்கும் பசைக்கு ஆபத்து.

100-இல் கிடைக்காததற்குக் காரணம் எண்ணெய் மட்டுமில்லை. அதன் ஃபோகஸ் நுனியிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். நீங்கள் மூடிய ஸ்லைடு ஒரு மில்லிமீட்டர் தடிமன். லென்ஸ் கண்ணாடியில் முட்டி நிற்குமே தவிர வெங்காயத்தை எட்டாது. கவர் ஸ்லிப் 0.17 மில்லிமீட்டர், அந்தத் தடிமனைக் கணக்கில் வைத்துத்தான் லென்ஸையே செய்கிறார்கள். எண்ணெயும் கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்க வேண்டும். அப்படி வளைக்கும் அளவு கண்ணாடிக்கு 1.52, இதற்கென்றே விற்கும் இம்மர்ஷன் ஆயில் 1.515, தேங்காய் எண்ணெய் 1.45 அளவு. அவசரத்துக்கு ஆகும், ஆனால் படம் சுமார்தான்.

டவுன்டவுன் பொடியன்:
ரைபோசோம் கேள்வியை விட்டுவிட்டீர்களே அண்ணே. லென்ஸ் 100 தடவை ஐபீஸ் 10, ஆயிரம் மடங்கு. ஐபீஸை 25 ஆக்கினால் 2500 மடங்கு வராதா?

பழைய லேப் ஆள்:
வரும், மங்கலும் சேர்ந்து பெரிதாகும். போனில் எடுத்த படத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பதுபோல. தடை லென்ஸில் இல்லை தம்பி, வெளிச்சத்தில். நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அதில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் குழம்பிவிடும். இதை 1873-இலேயே ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அப்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். எவ்வளவு நல்ல கண்ணாடியானாலும் 200 நானோமீட்டரோடு சரி. ரைபோசோம் 20, 30 நானோமீட்டர். பெரிய கண்ணி வலையில் நெத்திலி நிற்குமா?

அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். எலக்ட்ரானின் அலைநீளம் அவ்வளவு சின்னது. 1931-இல் ருஸ்காவும் நோலும் முதல் கருவியைச் செய்தார்கள், ருஸ்காவுக்கு நோபல் கிடைத்ததோ 1986-இல். உள்ளே வெற்றிடம், அதனால் உயிரோடு எதையும் வைத்துப் பார்க்க முடியாது. செல்லைக் கெட்டிப்படுத்தி, 100 நானோமீட்டருக்கும் மெல்லிசாகச் சீவி, கன உலோகம் ஏற்றி வைப்பார்கள். மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள் டீச்சர்: அதில் வரும் படம் கறுப்பு வெள்ளைதான், புத்தகத்து நிறமெல்லாம் பிறகு பூசியது.

தன்லின் டீச்சர்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மூன்றாவது குச்சியில் 40 தெளிந்துவிட்டது. கேமராக்காரத் தம்பி சொன்னபடி டார்ச் அடித்தும் பார்த்தேன், ஓரத்தில் ஒரே ஒரு நூல் இருக்கிறது. மழை வருவதற்குள் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்கு மாற்றிவிடுகிறேன். இப்போது வாசலில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன், தனாக்காவைத் துடைத்துவிட்டுத்தான் பார்க்கலாம்.

நிறம் பூசியது என்றதும் பையனுக்குக் கோபம், ஏமாற்று வேலை என்கிறான். அடுத்து தன் கன்னத்துச் செல்லைப் பார்க்க வேண்டுமாம். மீன் தொட்டிக்கு விடும் மெத்திலீன் நீலம் ஆகுமா?

பழைய லேப் ஆள்:
ஆகும். ஒரு சொட்டுக்குப் பத்து சொட்டுத் தண்ணீர் கலந்து, ஒரு நிமிஷம் விட்டு, ஓரத்தில் டிஷ்யூ வைத்து உறிஞ்சி எடுங்கள். 40 போதும். ஒருவர் கன்னத்தில் சுரண்டிய குச்சியை இன்னொருவர் வாயில் வைக்கவிடாதீர்கள், பிளீச்சிங் தண்ணீரில் போட்டுவிடுங்கள். கவர் ஸ்லிப் ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.