புதுப்பிப்பு: பின்சக்கர இரைச்சல் பாதி அடங்கியது

கார் மணிக்கு எண்பது கி.மீ. வேகத்தைத் தொட்டால், பின்சக்கர இரைச்சலில் பின்சீட்டில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

டிக்கியின் பக்க டிரிம்மை (உள்பக்க மூடியை) கழற்றினால், சக்கரத்தின் மேலுள்ள வளைவு வெறும் தகரம். தட்டினால் தகர டப்பா போல் அதிர்ந்தது. தின்னர் போட்டுத் துடைத்து, 2 மி.மீ. பியூட்டைல் ஷீட்டை (ஒட்டும் ரப்பர் தாள்) ரோலரால் அழுத்தி ஒட்டினேன். முழுக்க ஒட்டவில்லை, பாதிப் பரப்பே போதும்; தட்டினால் இப்போது 'டொப்' என்று செத்த சத்தம். பியூட்டைல் அதிர்வைத்தான் அடக்கும், காற்றில் வரும் இரைச்சலைத் தடுக்காது. அதற்காக மேலே தண்ணீர் குடிக்காத ஃபோம். வெளிப்பக்கம், இல்லாமலிருந்த பின் லைனரை (சக்கர வளைவின் உள்ளே மாட்டும் உறை) வாங்கி மாட்டினேன். வடிகால் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள், துரு பிடிக்கும்.

கல் தெறிக்கும் சத்தம், மழைநீர் அடிக்கும் சத்தம் இரண்டும் ஏறக்குறைய போய்விட்டன. ஆனால் கான்கிரீட் சாலையில் அந்த 'ஊ...' அப்படியே இருந்தது. அது டயரின் வேலை. பார்த்தால் டயரில் காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ! கதவு ஸ்டிக்கரில் கம்பெனி சொல்லியுள்ள 33-க்கு இறக்கியதும் அந்தச் சத்தம் கொஞ்சம் குறைந்தது. காசில்லாத இந்த வேலையை முதலில் செய்திருக்கலாம்.

மீதி, டயர் மாற்றும்போது.